மாற்றி அள்ளிய மண்

அவருக்குக் கண்ணாடியார் என்று பெயர் வைத்தவர்கள் சந்தை வியாபாரிகள். மூக்கில் கண்ணாடி மாட்டுகிற ஆளில்லை அவர். நாலு வரிசை தள்ளி நிற்கும் கொத்தில் ஒரு பழம் வெடித்திருந்தாலும் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். பெயர் வந்தது அவருடைய திராட்சையால். கீறல் இருக்காது, புள்ளி இருக்காது, சாம்பல் படலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கூடையைத் திறந்தால் கண்ணாடி மணியைக் கோத்து வைத்த மாதிரி இருக்கும்.

அந்தப் பளபளப்புக்கு அவர் கொடுத்த உழைப்பு பெரிது. மேகம் கூடினால் மருந்து, மழை விட்டால் மருந்து, பனி இறங்கினால் மருந்து. மற்ற தோட்டக்காரர்கள் இலையில் பூஞ்சை வந்தபிறகு ஓடுவார்கள். இவர் பூஞ்சைக்கு வரலாமா என்ற யோசனை வருவதற்கு முன்பே அடித்து முடித்திருப்பார். அப்பா காலத்திலிருந்தே மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்த நீலத் தண்ணீர்தான். பிறகு கடையில் விதவிதமான பொட்டலங்கள் வந்தன, அதையும் சேர்த்துக்கொண்டார். இலையெல்லாம் நீலம் பூத்து நிற்பதைப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். திராட்சைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எத்தனை தடவை அடிக்கலாம் என்று யாராவது கேட்டால், "சந்தேகமா இருக்கா? அப்போ இன்னொரு தடவை அடி" என்பார். கூட்டம் சிரிக்கும், சிரித்துக்கொண்டே போய் அடிக்கவும் செய்யும்.

துணிக் கம்பெனி மூடியதும் அவருடைய தங்கை ஒரு தையல் மிஷினோடும் இரண்டு பைகளோடும் வந்து இறங்கினாள். தனிக்கட்டை. வெட்டும் பிரிவில் காலமெல்லாம் நின்று நின்று குதிகால் வெடித்துப் போயிருந்தது. கொஞ்ச நாள் அண்ணிக்கு ஒத்தாசையாக இருந்தவள், ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அண்ணா, ஓடையோரத் துண்டு சும்மாதானே கெடக்கு? நான் காய்கறி போட்டுப் பாக்கட்டுமா?"

சரிவின் கடைசியில் இருக்கும் நிலம் அது. தோட்டத்திலேயே பழைய கொடிகள் அங்கேதான் இருந்தன. காய்ப்பு குறைந்துவிட்டதென்று பிடுங்கிப் போட்டிருந்தார். வேலிக்கு அப்பால் ஓடை.

"இதுக்கெல்லாமா கேப்பே? எடுத்துக்கோ. உனக்கில்லாததா?" என்றார். சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. தங்கைக்கு நிலம் கொடுத்த அண்ணன் என்று நாலு பேர் சொல்வார்களே.

அவள் பீன்ஸ் போட்டாள், கீரை போட்டாள். முளைத்தது. சாண் உயரம் வந்ததும் யாரோ போதும் நில் என்று அதட்டியதுபோல அப்படியே நின்றுவிட்டது. இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். பிடுங்கிவிட்டு மறுபடி விதைத்தாள். மறுபடியும் அதே கதை.

ஒரு நாள் கொத்து கத்தரிக்கிற பெண்களும் மருந்து அடிக்கிற ஆட்களும் டீ குடிக்கச் சரிவிறங்கி வந்திருந்தார்கள். கண்ணாடியாரும் வந்தார். வாடிய பாத்தியைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த சங்கத் தலைவர் எழுந்துகொண்டார்.

"என்னம்மா இது, மஞ்சக்காமாலை வந்த மாதிரி நிக்குது? தண்ணியை ஊத்தி ஊத்தி வேரை அழுக வெச்சிட்டே. இது தையல் மிஷின் இல்ல, மிதிச்ச ஒடனே ஓடுறதுக்கு. துணி வெட்டுன கைக்கு மண்ணு எங்க வசப்படும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பெண்களுக்கெல்லாம் மூத்தவள், கத்தரியைக் கையைவிட்டு இறக்காததால் கத்தரி அக்கா என்று பெயர் வாங்கியவள், அவளும் சிரித்தாள். தங்கை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. ஒரு செடியைப் பிடுங்கி, வேரை உதறி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து அவள் செய்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடைந்த பிளாஸ்டிக் வாளிகள் இரண்டை எடுத்து, ஒன்றில் ஓடையோர மண்ணையும் மற்றதில் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் மண்ணையும் நிரப்பினாள். இரண்டிலும் ஒரே விதை, ஒரே தண்ணீர். பின்கட்டுக் குழாயடியில் வைத்தாள். கண்ணாடியார் கால் கழுவுகிற இடம் அது. கழுவும்போதெல்லாம் கண்ணில் படும். ஒரு வாளிச் செடி குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. இன்னொன்று மஞ்சளாகிக் குறுகி நின்றது.

"பாத்தீங்களா? ஒரே தண்ணி, ஒரே வெயிலு" என்றாள் மனைவி, பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

"விதை எல்லாம் ஒண்ணு போல இருக்காது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். ஆனால் போகும்போது அந்த மஞ்சள் செடியை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

தங்கை கடைவீதிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவர் மண்வெட்டியோடு ஓடையோரம் இறங்கினார். வெட்டினார். ஈர மண்தான், ஆனால் ஒரு மண்புழு இல்லை. இன்னோரிடம் வெட்டினார். அங்கும் இல்லை. பிடுங்கிய செடியின் வேர் தடித்துக் கறுத்து, நீளத் தெரியாத மாதிரி முடங்கியிருந்தது. பிறகு மூலைக்குப் போனார். அவர் விடலையாக இருந்த காலத்திலிருந்து மருந்து கரைக்கிற பீப்பாய் நின்றது அங்கேதான். அடித்து முடித்துத் தெளிப்பானைக் கழுவிக் கொட்டியதும் அங்கேதான். மண்வெட்டி புரட்டிய கட்டியில் பாசி படிந்ததுபோல ஒரு நீலப் பச்சை.

காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார். மூடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தார். தன் நிலத்தில் தானே திருடனைப்போல முழித்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் உறைத்தது. முகம் சுட்டது.

அதோடு நின்றிருந்தால்கூட இத்தனை தூரம் வந்திருக்காது.

தங்கை விடவில்லை. மண் பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்து, எப்படி அள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். பல இடத்தில் அள்ளிக் கலந்து, நிழலில் உலர்த்தி, ஒரு துணிப்பையில் கட்டினாள். கொண்டு போகிற அன்றைக்குக் குதிகால் வீங்கிக்கொண்டது.

"நான் டவுனுக்குத்தான் போறேன். குடு, நானே குடுத்துட்டு வரேன்" என்றார் அண்ணன்.

அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். அண்ணன் இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்திருப்பாள். "மறந்துடாதேண்ணா" என்று பையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

பின்வாசல் வழியாகப் போனவர், பையிலிருந்ததை வேலியோரம் கொட்டினார். சமையலறைக்குப் பின்னால் குனிந்து, நல்ல கறுப்பு மண்ணாக அள்ளி நிரப்பினார். எதற்காக என்று யாராவது அப்போது மடக்கியிருந்தால் சங்கத்தைச் சொல்லியிருப்பார், வியாபாரிகளைச் சொல்லியிருப்பார், தோட்டத்தின் பெயரைச் சொல்லியிருப்பார். உண்மையான காரணம் அதைவிடச் சின்னது. ஆட்கள் முன்னால் அவளைப் பேசிவிட்டார். பேசியது தப்பென்று ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

பதில் போனில் வந்தது. தங்கை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்; கை ஈரமென்று போனை ஸ்பீக்கரில் போட்டாள். கண்ணாடியார் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப அருமையான மண்ணும்மா" என்றது ஒரு பெண்குரல். மண் நிலைய அதிகாரி. "டீத்தூள், முட்டை ஓடுன்னு எல்லாம் போட்டு வளத்திருக்கீங்க போல. இதுல பீன்ஸ் வரலைன்னா எனக்கே ஆச்சரியமா இருக்கு."

கத்தி நின்றது. "முட்டை ஓடா?"

"ஆமா, சல்லடையிலேயே மாட்டுச்சு."

தங்கை தலையைத் திருப்பி அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். கோபப் பார்வையாக இருந்தால் தாங்கியிருப்பார். தெரிந்தவர் என்று நினைத்துத் தோளைத் தொட்டுவிட்டு, வேறு யாரோ என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொள்வோமே, அப்படிப் பார்த்தாள்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்கினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. வாளிகளைக் கவிழ்த்துவிட்டு அடுக்கி வைத்தாள். "எங்கயாவது தையல் வேலை கெடைக்குமான்னு விசாரிக்கிறேன் அண்ணி" என்று அவள் சொல்வது கூடத்தில் இருந்த அவருக்குக் கேட்டது. "இங்க உனக்கு என்ன கொறைச்சல்?" என்று மனைவி சண்டைக்குப் போனாள். அவளுக்கு விஷயம் தெரியாது. கண்ணாடியார் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அந்த அதிகாரி அப்படியே விட்டிருந்தால் தங்கை போயே போயிருப்பாள். ஆனால் அவர் விடுகிற ஆளில்லை. ஒரு முற்பகலில் ஸ்கூட்டரில், மண் துளைக்கிற இரும்புக் குழாயைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வயது குறைவு, தொப்பி பெரிது.

"அவ்ளோ நல்ல மண்ணுல ஒண்ணும் வரலைங்கறது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துடுச்சு. நிலத்தைக் காட்டுங்க" என்றார்.

டீ நேரம். ஆட்கள் எல்லாரும் சரிவில் இருந்தார்கள். அதிகாரி குழாயை இறக்கி மண்ணை எடுத்தார், விரலில் நசுக்கினார், விட்டுப்போன செடி ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பின்னால் தள்ளினார்.

"இந்த மண்ணு வேற. எனக்கு வந்த மண்ணு வேற. யாரு அள்ளுனது?"

கண்ணாடியார் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வந்தது, "வெயிலா இருக்கு, தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்பதுதான்.

"நான்தாங்க அள்ளுனேன்" என்றாள் தங்கை. "எங்க அள்ளணும்னு புரியாம வீட்டுக்குப் பின்னாடி அள்ளிட்டேன்."

"போன்ல அவ்ளோ சொன்னேனேம்மா! அரசாங்க வேலையைக் கெடுத்து, என் நேரத்தையும் கெடுத்து..." அதிகாரி பொரிந்தார். தங்கை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். ஆட்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். கண்ணாடியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கால் கட்டைவிரல் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று சொல்வார்களே, அன்றைக்கு அவர் அதை வாய்விட்டே கேட்டிருப்பார். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

சரியான மண்ணின் முடிவு வந்ததும் அதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை குரலில் சூடு இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, அண்ணன், தங்கை, அண்ணி மூவரையும் வைத்துச் சொன்னார்.

"மயில்துத்தத்துல இருக்கிறது செம்பு. அது மக்காது, ஆவியாவும் போகாது. அடிச்சதெல்லாம் மேல்மண்ணுலயே உக்காந்திருக்கு. மத்த மருந்தும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. உங்க கொடிக்கு வேர் ஆழம், அதுக்குப் பெருசா தெரியல. பீன்ஸுக்கும் கீரைக்கும் வேர் மேல, அதுங்கதான் மாட்டிக்குது."

"மண்புழுகூட இல்லியே மேடம்" என்றாள் தங்கை.

"எப்படி இருக்கும்? பூஞ்சையைக் கொல்ற மருந்துக்கு இது நல்ல பூஞ்சை, இது கெட்டதுன்னு தெரியுமா? மண்ணுல உயிரா இருக்கிற எல்லாத்தையும் அது தொட்டுப் பாக்குது. மழை பேஞ்சா அந்த மண்ணு ஓடைக்குத்தானே போகும்? கீழ யாரு இருக்காங்க?"

"வாத்துக்காரர்" என்றாள் மனைவி. "அவரு கொளம் அந்தத் தண்ணியிலதான் நிறையுது."

"இதை எடுக்கறதுக்கு வழி?" கண்ணாடியாரின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"எடுக்கறதுக்குச் சுலபமா வழியில்லைங்க. இனிமே சேக்காம இருக்கலாம். மக்குன எருவும் சுண்ணாம்பும் போட்டா வேருக்குப் போறது கொறையும். ஓடையோரம் புல்லு வளத்தா மண்ணு கரைஞ்சு போகாது. நோய் வந்தா மட்டும் அளவா அடிங்க. மத்தபடி உங்க காலத்துல இது போகாது. உங்க பேரன் காலத்துலயும் இருக்கும்."

அதிகாரி போனபிறகு தங்கை பழம் அடுக்கும் ஷெட்டுக்குப் போய்க் காலிப் பெட்டிகளைத் துடைக்க ஆரம்பித்தாள். அவர் பின்னாலேயே போனார். ஒரு பெட்டியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார்.

"அந்த மண்ணு..."

"தெரியும்ணா."

"எப்போலேர்ந்து?"

"முட்டை ஓடுன்னு அந்தம்மா சொன்னப்பவே. ஓடையோரத்துல யாரு முட்டை ஓடு போட்டா?"

"அப்புறம் எதுக்கு உன் மேல போட்டுக்கிட்டே?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "எல்லாரும் நின்னாங்க. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "தப்பு பண்ணிட்டேன்மா. மன்னிச்சுடு."

இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "பேசுனது எல்லார் முன்னாடியும். மன்னிப்பு மட்டும் ஷெட்டுக்குள்ளயா?"

மறுநாள் டீ வேளையில் அவர் சரிவில் இறங்கி நின்றார். ஆட்கள் டம்ளரோடு பார்த்தார்கள். முதலில் கொத்து கத்தரிப்பதைப் பற்றிப் பேசினார். பிறகு புதுப் பெட்டிகள் வரப்போவதைப் பற்றிப் பேசினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. தங்கை தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள், உதவிக்கு வரவில்லை.

"இந்தத் துண்டுல ஒண்ணும் வராததுக்கு என் தங்கச்சி காரணமில்ல" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "நான் அடிச்ச மருந்துதான். அது எனக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுதான் டெஸ்ட்டுக்குப் போன மண்ணை மாத்துனேன். மாத்துனது நான். அவ இல்ல."

கத்தரி அக்காதான் முதலில் எழுந்தாள். அவரைத் திரும்பியும் பார்க்காமல் தங்கையிடம் போனாள். "அன்னிக்கு நானுந்தான் சிரிச்சேன்மா. மனசுல வெச்சுக்காதே."

அதோடு முடிந்தது என்று கண்ணாடியார் மூச்சு விட்டார். முடியவில்லை. மருந்து அடிக்கிற ஆள், ரொம்பக் காலமாக அவரிடமே இருப்பவர், டம்ளரைக் கீழே வைத்தார்.

"மொதலாளி, மருந்தால மண்ணே கெட்டுப்போச்சுங்கறீங்க. அதைத் தோள்ல சுமந்து இவ்ளோ காலம் அடிச்சது நான். மூஞ்சிக்குத் துணிகூடக் கட்டுனதில்ல. எனக்கு ஒண்ணும் ஆகாதே?"

குற்றம் சாட்டுகிற தொனி அதில் இல்லை. மழை வருமா என்று கேட்பது போலத்தான் கேட்டார். கண்ணாடியார் இத்தனை நாளும் மண்ணை நினைத்தார், பெயரை நினைத்தார், தங்கையைக்கூட நினைத்தார். இந்த மனிதரை ஒரு தடவையும் நினைக்கவில்லை.

"டாக்டர்கிட்ட நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். சொன்னபடி கூட்டிக்கொண்டும் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை என்று சொல்லி, இருமல் வந்தால் உடனே வரச் சொன்னார். திரும்பி வரும் வழியில் அந்த ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனார். இருமல் என்ற சொல் மட்டும் கண்ணாடியாரின் காதில் ஒட்டிக்கொண்டே வந்தது.

தங்கை ஊரை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு முன்னால் வண்டி நிறுத்துகிற இடத்தைக் காலி செய்து கொடுத்தார். அங்கே பீன்ஸ் பந்தல் ஏறியது. ஓடையோரத்தில் புல் வளர்ந்தது. அந்தப் பருவத்தில் மருந்தைக் குறைத்ததில் சில கொத்துகளில் புள்ளி விழுந்தது. "என்ன கண்ணாடியாரே, கண்ணாடியில கீறல் விழுந்திருக்கு?" என்று வியாபாரி சிரித்தான். அவரும் சிரித்து வைத்தார். அந்த வலி தாங்கக்கூடியதாகவே இருந்தது. தாங்க முடியாதது வேறு. தங்கை அவரோடு பேசினாள், சாப்பிடக் கூப்பிட்டாள், தலைவலி என்றால் தைலம் எடுத்து வந்தாள். ஆனால் முன்போல வம்புக்கு இழுக்கவில்லை. பாதி ஆயுள் போன பிறகும் விளையாட்டுக்கு அவரை "டேய் அண்ணா" என்று கூப்பிட்டவள், இப்போது "வாங்க, போங்க" என்று மரியாதை கொடுத்தாள்.

சங்கத்தில் சொல்ல அவருக்கு இன்னும் நா எழவில்லை. வாத்துக்காரரிடம் மட்டும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. ஒரு காலையில் ஓடையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினார். குளக்கரையில் வாத்துக்காரர் தீவனம் இறைத்துக்கொண்டிருந்தார். வாத்துகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு முண்டின.

"அடடே, தலைவரே! என்ன, காத்து இந்தப் பக்கம் அடிக்குது? உக்காருங்க" என்று ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

உட்காராமலே கண்ணாடியார் சொன்னார். மருந்து, மண், மழை, ஓடை. சொல்லச் சொல்ல வாத்துக்காரரின் கை தீவனக் கூடையிலேயே நின்றுவிட்டது.

"அப்போ நத்தை போனது அதனாலதானா?" என்றார் மெதுவாக. "கொளத்துல நத்தை மூடிக் கெடக்கும். இப்போ ஒண்ணுமில்ல. இதுங்கதான் பேராசை பிடிச்சுத் தின்னு தீத்துடுச்சுன்னு நான் நெனைச்சேன். பாதி வாத்தை வித்துட்டேனே."

கண்ணாடியார் முக்காலியில் உட்கார்ந்தார். வாத்துக்காரர் திட்டுவார் என்று காத்திருந்தார். அவர் திட்டவில்லை. கூடையைக் கவிழ்த்து மிச்சத் தீவனத்தைத் தட்டிவிட்டு, எதிரே வந்து குந்தினார்.

"தண்ணியையும் டெஸ்ட் பண்ணுவாங்களா அந்த மேடம்?"

"பண்ணுவாங்க."

"அப்போ நாளைக்கு ரெண்டு பேருமாப் போவோம்" என்ற வாத்துக்காரர், அவர் முகத்தை ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்துவிட்டு, "தண்ணியை மட்டும் நானே மொண்டுக்கறேன் தலைவரே" என்றார்.

தான் மண்ணை மாற்றிய செய்தி ஊரெல்லாம் பரவியிருக்கிறது என்பது கண்ணாடியாருக்கு அப்போதுதான் புரிந்தது. தலையாட்டினார். "நீங்களே மொண்டுக்கோங்க. அதுதான் சரி" என்றார்.